உள்ளேன் சொன்ன ஊர்

கார்த்திகை பொறந்து ஒன்பதாம் நாள், புதன்கிழமை, காலை ஒன்பது இருபதுக்கு எங்க வடகரைப்புலத்துல நூத்தி நாப்பத்தி மூணு பேரு, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா, அவங்கவங்க நின்ன இடத்துல நின்னபடியே வாயைத் திறந்து "உள்ளேன் டீச்சர்"னு சொன்னாங்க. சலூன் தனசேகரன் ஒரு ஆளோட பாதிக் கன்னத்தை மழிச்சுட்டு மீதிக் கன்னத்துக்குக் கத்தியைக் கொண்டுபோறப்போ சொன்னான், டவுன் பஸ் கண்டக்டர் யாகூப் விசிலை வாயிலேருந்து எடுத்துட்டுச் சொன்னாரு, மீன்கார லூர்து மத்தியை எடை போட்டுக்கிட்டே சொன்னா, பால் சொசைட்டி செக்ரெட்டரி கொட்டாவியோட கொட்டாவியாச் சொன்னாரு, நான் என் வயல் வரப்புல நின்னு ஒருத்தனைக் கண்டபடி திட்டிக்கிட்டிருந்தவ, திட்டு பாதியில அறுந்துபோய், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கிட்டு "உள்ளேன் டீச்சர்"னேன். நான் திட்டிக்கிட்டிருந்த ஆளு தங்கராசு. வாத்து மேய்க்கிறவன். அவன் மக பூமாரியோட படிப்புதான் இந்தக் கதை. அந்தப் படிப்புக்கு உலை வச்சது நான்தான். அதை முதல்லயே சொல்லிடுறேன், பின்னாடி யாரும் செண்பகவல்லி மறைச்சுட்டான்னு பேசக் கூடாது பாருங்க.

இது எப்படி வந்துச்சுன்னா, ஸ்கூல் பக்கம்தான் கையைக் காட்டணும். எங்க நடுநிலைப் பள்ளியில ஏழாம் வகுப்புக்கு அற்புதமேரி டீச்சர். அவங்க புள்ளைகளைப் பார்த்து, "ஊர்ல பாதிப் பேரை உங்களுக்குத் தெரியாது, ஊருக்கு உங்கள்ல ஒருத்தரையும் தெரியாது, போங்க, வீடு வீடாப் போய்ப் பேரு கேளுங்க, தொழில் கேளுங்க, அவங்களுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியாதது என்னன்னு கேளுங்க"ன்னு விரட்டி விட்டாங்க. ஒரு மாசம் எங்க நிம்மதி போச்சு. உலையில அரிசியைப் போடுறப்ப ரெண்டு உருப்படி வாசல்ல நிக்கும்: "பெரியம்மா, உங்க பேரு? உங்களுக்கு என்ன தெரியும்?" எனக்கு வாய் தெரியும்டி, வேணும்னா காட்டட்டுமான்னு கேட்டேன். அதையும் எழுதிக்கிட்டுப் போச்சுதுங்க.

பேரெல்லாம் சேர்ந்ததும் வகுப்புத் தலைவி ஷகிலாவைக் கூப்பிட்டு டீச்சர், "வரிசை நம்பர் போட்டுக் கோணாம எழுதி வை"ன்னாங்க. ஷகிலா யாகூப் மக, சொன்னதைச் சொன்னபடி செய்யிற பொண்ணு. வரிசை நம்பர் அச்சடிச்ச நோட்டு அந்த வகுப்புல ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு: வருகைப் பதிவேடு. முப்பத்தோரு பிள்ளைக பேரு முடிஞ்சு, அதுக்குக் கீழ கட்டம் கட்டமாக் காலியாக் கிடந்துச்சு. ஷகிலா முப்பத்திரண்டுல ஆரம்பிச்சு, பக்கம் திருப்பித் திருப்பி, நூத்தி எழுபத்தி நாலு வரைக்கும் ஊரையே மணி மணியா எழுதி, அடியில கோடும் போட்டுட்டா.

ஹெட்மாஸ்டர் சோமசுந்தரம் அதைப் பார்த்துட்டு நாற்காலியில உக்காந்துட்டாரு. பதிவேட்டுல அடிக்கக் கூடாது, திருத்தக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது, கிழிச்சா வேலையே போச்சு. "அப்ப என்ன சார் பண்றது?"ன்னு டீச்சர் கேட்டாங்க. அவரு பதிவேட்டை மூடி வச்சுட்டு, "பதிவேட்டுல பேரு இருந்தா கூப்பிட்டுத்தான் ஆகணும்மா"ன்னாரு. மறுநாள் டீச்சர் கூப்பிட்டாங்க. நாங்க பதில் சொன்னோம். எங்கே இருந்தாலும் அவங்க கூப்பிடுறது காதுல கேக்கும், நாங்க சொல்றது அந்த வகுப்புல கேக்கும், அவ்வளவுதான் விஷயம்.

ஊரு ஒரு வாரத்துல பழகிக்கிச்சு. கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறவங்க ராகுகாலம், எமகண்டத்தோட ஒன்பது இருபதையும் தள்ளி வச்சாங்க, தாலி கட்டுறப்ப மாப்பிள்ளை 'உள்ளேன் டீச்சர்'னா நல்லாவா இருக்கும். முடியாதவங்க லீவு லெட்டர் குடுக்கணும்னு டீச்சர் சொல்லிட்டதால, எழுதத் தெரியாதவங்களுக்கு எழுதிக் குடுக்க முந்தின நாள் சாயங்காலமே பிள்ளைக வீதி வீதியா வந்தாங்க. லூர்துக்கு எழுதின லெட்டர்ல "எனக்கு இன்று வஞ்சிரம் வரவிருப்பதால்"னு இருந்துச்சாம், டீச்சர் அதையும் கையெழுத்துப் போட்டு ஏத்துக்கிட்டாங்க. குரலோட அந்தந்த இடத்துச் சத்தமும் சேர்ந்து வந்ததுதான் பெரிய வினை. பொம்பளைங்க ஸ்கூல் ஜன்னல்ல வந்து, "எங்க வீட்டு ஆளு எங்கேருந்துடா சொன்னாரு?"ன்னு கேப்பாங்க, பயலுக, "வயல்னு சொல்லச் சொன்னாருக்கா, ஆனா பின்னாடி சீட்டுக் கலைக்கிற சத்தம் கேட்டுச்சு"ன்னு போட்டுக் குடுத்துடுவானுங்க. இன்னொண்ணும் கண்டுபிடிச்சோம். ஒரே மூச்சுல எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவும் போகும். ரேஷன் கடைக்காரர், "உள்ளேன் டீச்சர் இன்னைக்குப் பாமாயில் உண்டு"ன்னு மூச்சு விடாமச் சொல்லுவாரு, மத்தியானத்துக்குள்ள பிள்ளைக ஊர் பூராச் சொல்லிடுங்க. முன்னே தெருவுல எதிர்ல வந்தா யாரு பெத்த சனியன்னு தெரியாமக் கடந்துபோவோம். இப்ப ஒவ்வொண்ணுக்கும் பேரு தெரியும், அதுக்குப் பிடிச்ச பலகாரம் தெரியும்.

எனக்கு எண்பத்தெட்டாம் நம்பர். தினம் எரிச்சலோடதான் சொன்னேன்.

இப்ப பூமாரிக்கு வர்றேன். அவ பத்தொன்பதாம் நம்பர். தாய் இல்லாத பிள்ளை. அப்பனும் மகளுமா வாய்க்கால் கரையில கூடாரம், கூடாரத்தைச் சுத்தி அறுநூறு வாத்து. அறுவடை முடிஞ்ச வயலாத் தேடித் தேடிப் போற பொழைப்புங்கிறதால, மூணு ஊர்ல மூணு ஸ்கூல்ல சேர்ந்து மூணுலயும் பேரை நீக்கிட்டாங்க. எங்க ஊரு நாலாவது. முப்பது வேலை நாள் சேர்ந்தாப்புல வரலைன்னா ஹெட்மாஸ்டர் சிவப்புப் பேனாவால பேரை நீக்கணும். பதிவேட்டுல அனுமதிச்ச ஒரே கோடு அதுதான். "இந்த ஊர்லயாவது பேரு முழு வருஷம் இருக்கணும் டீச்சர்"னு சேர்ந்த அன்னிக்கே சொல்லிச்சாம் அந்தப் பொண்ணு.

இருந்திருக்கலாம். எங்க மேக்கால அறுவடையான நாப்பது ஏக்கர் இருக்கு, சிந்தின நெல்லும் நத்தையுமா வாத்துக்கு ரெண்டு மாசத் தீனி. ஆனா அந்த நாப்பதுக்கும் வழி என் மூணு ஏக்கரைத் தாண்டித்தான். போன வருஷம் அவன் வாத்து என் வரப்பை ஒடச்சு நாத்தங்கால் தண்ணி ஓடிப்போச்சு. எனக்குக் கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது. "நாடோடிப் பயலுக்கு இந்த ஊர்ல என்னடா பாத்தியதை?"ன்னு, அந்தப் பிள்ளையை வச்சுக்கிட்டே கேட்டுட்டேன். அன்னிக்குத் திட்டு முடியலை போல, இந்தக் கார்த்திகையிலயும் மிச்சத்தைத் திட்டினேன். அவன் வாய்க்கால் ஓரமாவே மேய்ச்சுப் பார்த்தான், தீனி பத்தலை. தை பொறந்ததும் கூடாரத்தைச் சுருட்டிக்கிட்டு, முன்னாடி அவனும் பின்னாடி அவளுமா, வாத்தை ஓட்டிக்கிட்டுத் தெக்கே போயிட்டாங்க.

மறுநாள் டீச்சர் பத்தொன்பதைக் கூப்பிட்டாங்க. "உள்ளேன் டீச்சர்"னு பூமாரி குரல் வந்துச்சு, அது பின்னாடியே அறுநூறு வாத்தும் "உள்ளேன்"னு சொன்ன மாதிரி ஒரு இரைச்சல் வந்துச்சு. பிள்ளைக சிரிச்சு உருண்டுச்சுங்க. டீச்சர் மட்டும் சிரிக்கலை. குரல் வந்தா ஆள் வந்ததா கணக்கான்னு ஹெட்மாஸ்டரைக் கேட்டாங்க. "பெஞ்சுல உக்காந்தாத்தாம்மா வருகை. ஊர்க்காரங்களுக்கு நான் எதையும் போடலை, படிக்கிற பிள்ளைக்குப் பொய் போட முடியாது"ன்னாரு அவரு, தரையைப் பார்த்துக்கிட்டே. நல்ல மனுஷன்தான். ஆனா சட்டம்னா சட்டம்.

அதுலேருந்து ஒன்பது இருபதுக்கு ஸ்கூல் ஜன்னல்ல கூட்டம். பூமாரி இன்னைக்கு எங்கேருந்து சொல்றாங்கிறதைக் கண்டுபிடிக்கிறதுதான் ஊருக்கு வேலை. பின்னாடி ஒரு ஹாரன் கேட்டா, பஸ்ஸை ஸ்கூல் வாசல்ல நிறுத்திட்டு வந்து நிக்கிற யாகூப், "அது ஒன்பது மணி வண்டி இல்ல, மன்னார் சர்வீஸு, அப்ப கீழச்சோலை வளைவு"ம்பாரு. மெஷின் சத்தம் கேட்டா நெல் மில் டிரைவர் காதைக் குவிச்சு, "பழைய பெல்ட்டு, உமி தள்ளுற விசிறி ஆடுது, அது பாண்டூர் மில்லு"ம்பாரு. மணிச் சத்தத்தை வச்சுக் குருக்கள் கோயிலைச் சொல்லுவாரு. இடம் தெரிஞ்சதும் ஷகிலா கணக்கு நோட்டுல கேள்வியை எழுதி அத்தாக்கிட்டக் குடுப்பா, யாகூப் அதை அந்தப் பக்கம் போற கண்டக்டருங்ககிட்டக் கை மாத்தி விடுவாரு, எப்படியோ ரெண்டு நாள்ல விடை வந்துடும்: "உள்ளேன் டீச்சர் பரப்பளவு தொண்ணூத்தாறு சதுர மீட்டர்." சரியாத்தான் இருக்கும். ஜன்னல்ல நிக்கிறவங்க கை தட்டுவாங்க. நானும் போய் நின்னேன். ஏன் போனேன்னு கேக்காதீங்க. பிள்ளைங்க என் வேலியில கல்லெறியுதுங்கன்னு புகார் சொல்லத்தான் போனேன், தினமும் போனேன்.

பூமாரி போய் இருபதாம் நாள் ஆனப்போ ஷகிலாவும் நாலஞ்சு பிள்ளைகளும் என் வீட்டுக்கு வந்தாங்க. கையில ஒரு தாள். மேக்கால நாப்பது ஏக்கருக்கும் யாரு யாரு சொந்தம்னு அதுங்களுக்கு இப்ப அத்துப்படி. பதினேழு பேரையும் போய்ப் பார்த்து, வாத்து மேய எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்து வாங்கி வந்திருந்துச்சுங்க. எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னாங்களாம்: செண்பகவல்லி வழி விட்டா சரி.

"உங்க கையெழுத்து மட்டும்தான் பெரியம்மா பாக்கி"ன்னா ஷகிலா.

"என் வரப்பு ஒடஞ்சா உங்க அத்தா வந்து கட்டுவாரா?"

"நாங்க கட்டுவோம் பெரியம்மா. நாங்க முப்பது பேரு இருக்கோம்."

"மண்வெட்டி பிடிக்கத் தெரியுமாடி உனக்கு? போங்கடி, போங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்"னு கதவைச் சாத்திட்டேன். சாத்திட்டு உள்ள உக்காந்தேன். மாட்டுக்கு அப்பதான் தண்ணி காட்டியிருந்தேன். வீம்புங்க, வேற ஒண்ணும் இல்ல. ஊரே ஒரு பக்கம் நின்னா என் காலு தானா மறு பக்கம் போயிடும், பொறந்ததுலேருந்தே அப்படி.

இருபத்தெட்டாம் நாள் ஜன்னல்ல எனக்கு முன்னாடி இடம் கிடைச்சுச்சு. டீச்சர் பத்தொன்பதைக் கூப்பிட்டாங்க. வாத்துச் சத்தம் முதல்ல வந்துச்சு, அப்புறம் அந்தப் பொண்ணு ஒரே மூச்சுல சொல்லிச்சு: "உள்ளேன் டீச்சர் நாளையிலேருந்து என்னைக் கூப்பிடாதீங்க டீச்சர் நான் உள்ளேன் சொல்றதைக் கேட்டு அப்பா தினம் அழுவுறாரு."

ஒருத்தரும் கை தட்டலை. எந்த ஊர்னு யாரும் கண்டுபிடிக்கலை. டீச்சர் பேனாவைக் கீழ வச்சுட்டு, "பேரு இருக்கிற வரைக்கும் கூப்பிடுவேன்"னு சொன்னாங்க, யாருகிட்டன்னு தெரியலை, பதிவேட்டைப் பார்த்துத்தான் சொன்னாங்க. அப்புறம் வரிசையா வாசிச்சு எண்பத்தெட்டுக்கு வந்தாங்க. நான் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வாயைத் திறந்தேன், 'உள்ளேன்'னு வந்துச்சு, அதுக்கு மேல அழுகைதான் வந்துச்சு. இத்தனை பேருக்கு நடுவுல. நான். எனக்கே வெக்கமாப் போச்சு. என் வாயிலேருந்து வந்த ஒரு சொல்லு ஒரு பிள்ளையை நாலாவது தடவையா ஒரு ஊரைவிட்டுத் துரத்துதுன்னு அதுவரைக்கும் எனக்கு மண்டையில ஏறலை.

"யாகூப்பு, அது எந்த இடம்?"னேன்.

யாகூப் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "ரயில்வே கேட் மணி கேட்டுச்சுக்கா. வலங்குடி கேட்டு."

"வண்டியை எடுக்கச் சொல்லு. ஷகிலா, நீயும் ஏறு."

டவுன் பஸ்ஸை நினைச்ச இடத்துக்குத் திருப்ப முடியாதுதான். ஆனா வலங்குடி அவரு வழியிலதான், வழக்கமா நிக்காத இடத்துல எங்களுக்காக நிறுத்தினாரு. கேட்டுக்குப் பக்கத்து வயல்ல தங்கராசு நின்னுக்கிட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தலைத் துண்டை எடுத்துட்டு, பூமாரியைக் கையைப் பிடிச்சுப் பின்னால இழுத்துக்கிட்டான். இங்கேயும் விரட்ட வந்துட்டேன்னு நினைச்சிருக்கான். அதைப் பார்க்க எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே நினைச்சுப் பாருங்க.

"தங்கராசு, ஊருக்கு வா"ன்னேன்.

"வேணாம்மா. அங்க எனக்கு என்ன பாத்தியதை. நீங்க சொன்னது சரிதான்."

"நான் என்னைக்குய்யா சரியாப் பேசியிருக்கேன்? ஊர்ல யாரை வேணும்னாலும் கேளு."

அவன் வாத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான். மன்னிப்புக் கேக்கணும்னு தெரியுது, ஆனா அந்த வார்த்தை என் வாய்க்குப் பழக்கமில்லை, முட்டுது. "தப்புப் பண்ணிட்டேன்யா. பிள்ளை முன்னாடி சொன்னது பெரிய தப்பு. அதனால பிள்ளை முன்னாடியே சொல்றேன்"னு ஒரு வழியாக் கக்கினேன். "என் வரப்பு வழியாப் போ. நாப்பது ஏக்கரும் கிடக்கு. ஒடஞ்சா கட்டிக்கலாம், முப்பது எஞ்சினியருங்க இருக்காங்க ஊர்ல."

ஷகிலா சிரிச்சா. தங்கராசு மெதுவா, "வர்றேம்மா. ஆனா வாத்து நடந்து வந்து சேர மூணு நாளாகும். அதுக்குள்ள பேரை நீக்கிடுவாங்களே"ன்னான்.

"பிள்ளை பஸ்ல இப்பவே போகட்டும், மூணு நாளும் ஷகிலா வீட்டுல தங்கிக்கட்டும்."

"முன்னாடி ஒருத்தர், பின்னாடி ஒருத்தர் இல்லாம அறுநூறு வாத்து நகராதும்மா."

"பின்னாடி நான் வர்றேன்."

"நீங்களா?"

"ஏன்யா, எனக்குக் கால் இல்லையா?"

பூமாரி என்னை மேலயும் கீழயும் பார்த்துச்சு. அப்புறம் தன் கையில இருந்த நீளக் கம்பை என்கிட்டக் குடுத்து, "சத்தம் போடாதீங்க பெரியம்மா, சத்தம் போட்டா சிதறிடும்"னு சொல்லிட்டு பஸ்ல ஏறிடுச்சு. சத்தம் போடாம இருக்கணுமாம். எனக்கு. மூணு நாளைக்கு.

இருந்தேனே! மொத நாள் காலு வீங்குச்சு, மறுநாள் செருப்பு அறுந்துச்சு, அந்த ஆளு தன் செருப்பைக் கழட்டிக் குடுத்துட்டு வெறுங்காலோட முன்னாடி நடந்தாரு. இப்ப அவருங்கிறேன் பாருங்க, அறுநூறு வாத்துக்குப் பின்னாடி நடந்தவளுக்குத்தான் அந்தத் தொழிலோட மரியாதை தெரியும். அன்னிக்குக் காலையில டீச்சர் கூப்பிட்டப்ப ஓடத்துறை மதகுல நின்னுக்கிட்டு, மெல்லிசான குரல்ல, "உள்ளேன் டீச்சர் ஒரு சனியன் கரும்புக்குள்ள பூந்துடுச்சு"ன்னேன். வகுப்பே ஆடிப்போச்சுன்னு பின்னாடி கேள்விப்பட்டேன். பூமாரி பெஞ்சுல உக்காந்து, குனிஞ்சு குனிஞ்சு சிரிச்சுச்சாம். ஹெட்மாஸ்டர் சிவப்புப் பேனாவை மூடி வச்சுட்டு, எல்லாருக்கும் கடலை மிட்டாய் வாங்கிட்டு வந்தாராம், தன் கைக்காசுல.

மூணாம் நாள் சாயங்காலம் வாத்து என் வயல்ல இறங்குச்சு. வரப்பு ஒடஞ்சுச்சு. நான் ஒண்ணும் சொல்லலை. சரி, கொஞ்சம் சொன்னேன்.

மறுநாள் காலையில காலுல எண்ணெய் தடவிக்கிட்டு ஜன்னலுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள டீச்சர் பேரு வாசிக்க ஆரம்பிச்சுட்டாங்க. பூமாரி ஷகிலா பக்கத்துல உக்காந்திருந்துச்சு, பத்தொன்பதுக்கு எந்திரிச்சு நின்னு பதில் சொல்லிச்சு, உக்காந்துச்சு. என்னைக் கூப்பிட்டாங்க, சொன்னேன். லூர்து, தனசேகரன், செக்ரெட்டரி எல்லாம் சொன்னாங்க. நூத்தி எழுபத்தி நாலு முடிஞ்சதும் நான் கிளம்பத் திரும்பினேன். டீச்சர் பதிவேட்டை மூடலை. "நூத்தி எழுபத்தி அஞ்சு"ன்னாங்க. அது யாருன்னு எல்லாரும் எட்டிப் பார்த்தோம். புதுப் பேரு, புது மை, கையெழுத்து பூமாரியோடது.

"தங்கராசு"ன்னாங்க டீச்சர்.

பாவம், அந்த மனுஷனை அதுவரைக்கும் எந்த வகுப்புலயும் யாரும் கூப்பிட்டதில்லை. அப்புறம் என் வயல்லேருந்து, அறுநூறு வாத்து இரைச்சலுக்கு நடுவுல, தொண்டையைச் செருமிக்கிட்டு ஒரே மூச்சுல வந்துச்சு: "உள்ளேன் டீச்சர் பாப்பா சாப்பிட்டுச்சா?"

பூமாரி கேட்டதும் எந்திரிச்சு நின்னுச்சு. எல்லாரும் அதையே பார்த்துக்கிட்டிருந்தோம். "சாப்பிட்டேம்ப்பா"ன்னு சத்தமாச் சொல்லிச்சு, ஜன்னல் பக்கம் திரும்பி, வயல் இருக்கிற திசையைப் பார்த்து. இங்கேருந்து சொல்றது அங்கே கேக்காதுன்னு அதுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

எனக்கு வயல்ல வேலை இருந்துச்சு. போய் அவருகிட்டச் சொல்லிட்டேன்.